வெஸ்டா மென்பொருள்: கனிமத்துக்குள் போய்ப் பார்க்க அருமையான வழி, ஆனால் அது போடும் குச்சிகளைக் கவனித்துப் பாருங்கள்

கனிமவியல் படிக்கிறவர்கள், நடத்துகிறவர்கள், கல் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது வெஸ்டாவைத்தான். ஒரு கனிமத்தில் எந்த அணு எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி என்னென்ன அணுக்கள், எவ்வளவு தூரத்தில் என்பதையெல்லாம் கணினித் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். காசு கிடையாது. பல வருடங்களாக வகுப்பிலும் வீட்டிலும் இதைப் பயன்படுத்தி வருகிறேன், இன்னும் சலிக்கவில்லை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எப்படி நிறுவுவது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திரையில் வரும் படத்தை எப்படி வாசிப்பது என்று சொல்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியம், அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் நீளும்.

எழுதியவர்கள் ஜப்பானைச் சேர்ந்த கோய்ச்சி மொம்மாவும் ஃபுஜியோ இசுமியும். இசுமி தூள் எக்ஸ் கதிர் ஆய்வு செய்பவர்களுக்கு நன்கு தெரிந்த ரீட்டன் நிரலை எழுதியவர். மொம்மா சுகுபாவில் உள்ள தேசிய இயற்கை, அறிவியல் அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர். மீத்தேன் மூலக்கூறுகளைத் தன் கூண்டுக்குள் அடைத்து வைத்திருக்கும் சிபாயிட் என்ற சிலிக்கா கனிமத்தைப் பற்றி 2011ல் வெளிவந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் அவர்தான். கனிமங்களோடு புழங்குகிற ஒருவர் தன் வேலைக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்ட கருவி இது, பயன்படுத்தும்போது அது தெரியும்.

நிறுவுவதில் சிரமமே இல்லை. விண்டோஸில் சுருக்கிய கோப்பை இறக்கி விரித்தால் போதும், அப்படியே ஓடும். மேக், லினக்ஸ் பதிப்புகளும் உண்டு. கல்லூரி ஆய்வகத்தில் கிடக்கும் பழைய கணினியிலும் சாதாரண கனிமங்களுக்குத் தடுமாறுவதில்லை. கைபேசிக்குப் பதிப்பு இல்லை. இன்றைக்குப் பாதி மாணவர்களிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது என்பதால் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குறை.

மென்பொருள் மட்டும் இருந்தால் போதாது, உள்ளே போட அணு இருப்பிடங்கள் வேண்டும். அதற்கு அமெரிக்கன் மினரலஜிஸ்ட் படிக அமைப்புத் தரவுத்தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். கனிமத்தின் பெயரைத் தட்டினால் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் வெளிவந்த அளவீடுகள் சிஃப் கோப்புகளாக (படிக அமைப்பை எழுதி வைக்கும் உரைக் கோப்புகள்) கிடைக்கும். இங்கேயே ஒரு எச்சரிக்கை: குவார்ட்ஸ் என்று தேடினால் ஒன்று வராது, ஏராளமாக வரும். சாதாரண அறையில் அளந்தது, அதிக வெப்பத்தில் அளந்தது, அதிக அழுத்தத்தில் அமுக்கி அளந்தது எல்லாம் கலந்திருக்கும். தலைப்பு வரியைப் படிக்காமல் முதலில் இருப்பதை இறக்கிவிட்டு, பாடநூலில் உள்ள பிணைப்பு நீளம் வரவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, முதலில் உப்பில் தொடங்குங்கள். பாறை உப்பு, அதாவது ஹாலைட். 1913ல் பிராக் எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்த முதல் சில படிக அமைப்புகளில் ஒன்று. கோப்பைத் திறந்ததும் ஒரு கனசதுரம் வரும், எண்ணினால் 27 பந்துகள் இருக்கும். ஆனால் அலகுக் கூட்டுக்கு, அதாவது படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னப் பெட்டிக்கு, சொந்தமானவை 4 சோடியமும் 4 குளோரினும் மட்டும்தான், மற்றவையெல்லாம் மூலையிலும் விளிம்பிலும் முகத்திலும் பக்கத்துக் கூடுகளோடு பங்கு போட்டுக்கொண்டவை. கரும்பலகையில் இதைப் புரியவைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். இங்கே கூட்டின் எல்லையை மாற்றும் பெட்டியில் எண்களைக் கூட்டிக் குறைத்தாலே பிள்ளைகள் தாங்களாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் படத்திலேயே இன்னொன்றைச் செய்து பாருங்கள். பந்தின் அளவுக்கு எந்த ஆரத்தை எடுப்பது என்று வெஸ்டா உங்களிடம் கேட்கிறது: அணு ஆரமா, அயனி ஆரமா, வாண்டர்வால்ஸ் ஆரமா. அணு ஆரம் என்றால் சோடியம் பெரிய பந்து, குளோரின் சின்னது. அயனி ஆரம் என்று மாற்றியதும் தலைகீழாகிவிடும், சோடியம் 1.02 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), குளோரைடு 1.81. இரண்டையும் கூட்டினால் 2.83, அளந்த தூரம் 2.82. உப்புக்கு எந்தப் படம் பொருந்துகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதே சமயம் ஒன்று விளங்குகிறது பாருங்கள்: எந்த அணு பெரிது என்பதை மென்பொருள் முடிவு செய்யவில்லை, நீங்கள் செய்தீர்கள். இருப்பிடம் மட்டும்தான் அளவீடு. மற்றதெல்லாம் நாம் போடும் வேடம்.

குச்சிகளுக்கும் இதேதான். வெஸ்டாவை விமர்சிக்க வேண்டும் என்றால் நான் இங்கேதான் அதிக நேரம் நிற்பேன். இரண்டு அணுக்களுக்கு நடுவே அது ஒரு குச்சி போட்டால் அங்கே வேதிப்பிணைப்பு இருக்கிறது என்று நாம் உடனே எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது செய்வது ஒன்றே ஒன்று: இந்த வகை அணுவுக்கும் அந்த வகை அணுவுக்கும் தூரம் இவ்வளவுக்குள் இருந்தால் குச்சி போடு. எலக்ட்ரானைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த உச்ச தூரம் எடிட் மெனுவில் பாண்ட்ஸ் என்ற பெட்டியில் இருக்கிறது, திறந்து பார்த்து நம் கையால் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். கிராஃபைட் கோப்பைத் திறந்து கார்பனுக்குக் கார்பன் உச்ச தூரத்தை 1.6 என்று வைத்தால் அறுகோண வலைகள் தனித்தனித் தாள்களாக நிற்கும், தாளுக்குள் 1.42 ஆங்ஸ்ட்ராம். அதையே 3.4 ஆக்கினால் தாள்களுக்கு நடுவேயும் குச்சிகள் முளைத்துவிடும், ஏனென்றால் இடைவெளி 3.35. உள்ளே இருப்பது வலுவான சகப்பிணைப்பு, நடுவே இருப்பது வலுவற்ற ஈர்ப்பு, ஆனால் திரையில் இரண்டும் ஒரே தடிமனில் ஒரே மாதிரிக் குச்சி. வைரத்தில் எல்லாத் திசையிலும் 1.54, அங்கே எந்தக் குழப்பமும் வராது. கிராஃபைட்டில்தான் வாசிப்பவரின் பொறுப்பு தொடங்குகிறது.

இதை ஒரு குறை என்று நான் சொல்ல மாட்டேன். தூரத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கிறேன் என்று மென்பொருள் மறைக்காமல் சொல்லி, எண்ணை மாற்றும் உரிமையையும் நம்மிடமே கொடுத்திருக்கிறது. அழகான படம் போடும் வேறு சில கருவிகள் இதை எங்கோ உள்ளே ஒளித்து வைத்துவிடுகின்றன. ஆனால் புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் சங்கடம்.

மஸ்கோவைட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் காக்காப்பொன் என்போமே, அந்த மைக்கா. அதன் தாள்களுக்கு நடுவே பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்துக்கு எத்தனை ஆக்சிஜன்? பாடநூல் 12 என்கிறது. வெஸ்டாவில் உச்ச தூரத்தை 3.0 என்று வைத்தால் 6 குச்சிகள்தான் வரும், 3.6 என்று வைத்தால் 12 வரும். காரணம், 6 ஆக்சிஜன்கள் 2.8, 2.9 ஆங்ஸ்ட்ராம் அளவில் நெருக்கமாகவும் இன்னொரு 6 ஏறக்குறைய 3.3, 3.5 அளவில் தள்ளியும் இருக்கின்றன. சிலிகேட் தாளின் அறுகோண ஓட்டைகள் உண்மையில் சரியான அறுகோணமாக இல்லை, நான்முகிகள் (நடுவே ஓர் அணு, நான்கு மூலையிலும் ஆக்சிஜன்) கொஞ்சம் திரும்பிக்கொண்டு மூன்று மூலைகள் உள்ளே வந்து மூன்று மூலைகள் வெளியே போயிருக்கின்றன. சி அச்சின் வழியாகப் பார்க்கும் பொத்தானை அழுத்தினால் அந்தத் திருகல் அப்பட்டமாகத் தெரியும். அப்போது அணைவு எண், அதாவது சுற்றி நெருங்கி நிற்கும் அணுக்களின் எண்ணிக்கை, 6ஆ 12ஆ என்று சண்டை போடுவதைவிட, இந்த இரண்டு வரிசைத் தூரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பலன். ஒரு மாணவி, அப்படியானால் எது சரியான விடை சார் என்று விடாமல் கேட்டார். தேர்வில் 12 எழுதும்மா, ஆனால் மனதில் 6 கூட்டல் 6 என்று வைத்துக்கொள் என்றேன்.

மைக்காவுக்குப் பக்கத்திலேயே டால்க் கோப்பையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஜோடிக்காகவே வெஸ்டாவை நிறுவலாம். கல்சட்டி செய்கிற மாக்கல்லின் முக்கியக் கனிமம் டால்க்தான். இரண்டிலும் அடிப்படைத் தாள் ஒரே வகை: மேலே ஒரு நான்முகி அடுக்கு, நடுவே எண்முகி (ஆறு மூலையிலும் ஆக்சிஜன்) அடுக்கு, கீழே மறுபடி நான்முகி அடுக்கு. அணுக்கூட்டங்களைப் பன்முகிகளாகக் காட்டும் பாலிஹெட்ரல் பாணிக்கு மாற்றினால் பாய் மேல் பாய் விரித்து அடுக்கினாற்போல நிற்கும். வித்தியாசம் என்னவென்றால் டால்க்கின் தாள்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை, மைக்காவில் பொட்டாசியம் உண்டு. டால்க் மோஸ் கடினத்தன்மை அளவில் 1, நகத்தால் கீறலாம். மைக்கா 2, 2.5.

ஏன் இப்படி என்று திரையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பாருங்கள், 1929ல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் சொன்ன விதி போதும். ஒரு நேரயனி தன் மின்னூட்டத்தைத் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிக்கானுக்கு மின்னூட்டம் 4, சுற்றி 4 ஆக்சிஜன், ஆளுக்கு 1. டால்க்கில் தாளின் வெளிப்பக்கத்தில் இருக்கும் எந்த ஆக்சிஜனையும் சொடுக்குங்கள், அதற்கு இரண்டு சிலிக்கான்கள் பக்கத்தில் இருக்கும், ஆக 1ம் 1ம் 2. ஆக்சிஜனுக்கு வேண்டியது 2, கணக்கு முடிந்துவிட்டது, அடுத்த தாளுக்கு நீட்ட அதன் கையில் ஒன்றும் மிச்சமில்லை. உள்பக்கம் திரும்பிய ஆக்சிஜனைப் பாருங்கள்: ஒரு சிலிக்கானிடமிருந்து 1, மூன்று மக்னீசியத்திடமிருந்து தலா மூன்றில் ஒன்று, மொத்தம் மறுபடி 2. தாள் தனக்குள்ளேயே நிறைவடைந்துவிட்டது. அதனால்தான் விரலில் தேய்த்தால் வழுக்குகிறது, அதனால்தான் மாக்கல்லை இவ்வளவு எளிதாகக் கடைய முடிகிறது.

மைக்காவில் நான்கு சிலிக்கானில் ஒன்றை அலுமினியம் பிடித்துக்கொள்கிறது. அலுமினியத்தின் மின்னூட்டம் 3தான். தாளுக்கு ஒரு நேர்மின்னூட்டம் குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் ஒரு பொட்டாசியம் தாள்களுக்கு நடுவே வந்து உட்காருகிறது. அந்த ஒரே ஒரு மின்னூட்டத்தை 12 ஆக்சிஜனுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 12ல் ஒரு பங்கு. தாளுக்குள் 1, தாளுக்கு நடுவே 12ல் 1, உரித்தால் எங்கே உரியும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? மைக்கா மெல்லிய தாளாக உரிவதும் டால்க்கைவிடக் கொஞ்சம் கடினமாக இருப்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. இவ்வளவு எளிய கூட்டல் கழித்தல், கையில் எடுத்த கல்லின் தொடுவுணர்ச்சி வரைக்கும் போய்ச் சேர்வதை முதன்முறை உணரும்போது மாணவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தப் பாடத்தின் மேல் உள்ள பிரியமெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

சேலம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு ஜோடி சொல்கிறேன்: கால்சைட்டும் மேக்னசைட்டும். வெள்ளைக்கல் என்று அங்கே சொல்வது மேக்னசைட்டைத்தான். இரண்டு கோப்பையும் திறந்தால் ஒரே அமைப்பு, அச்சுப் பிசகாமல். கார்பனைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் தட்டையான முக்கோணம், கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் 1.28 ஆங்ஸ்ட்ராம், இரண்டிலும் அதே. மாறுவது உலோகம் மட்டும்: கால்சியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் 2.36, மக்னீசியத்துக்கு 2.10. பாலிங் கணக்கில் இரண்டுக்கும் 6ல் 2, அதாவது மூன்றில் ஒன்று, வித்தியாசமே தெரியாது. ஆனால் கால்சைட் மோஸ் அளவில் 3, மேக்னசைட் 4 பக்கம் போகிறது. எளிய விதி எங்கே நின்றுவிடுகிறது, தூரம் எங்கே பேசத் தொடங்குகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் பொங்குவதும், மேக்னசைட் பொடியாக்கியோ சூடாக்கியோ கொடுத்தாலொழிய அசைந்து கொடுக்காததும் களப்பணிக்குப் போனவர்களுக்குத் தெரிந்ததுதான். மக்னீசியம் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

கால்சைட் உடைவதையும் அங்கேயே பார்த்துவிடலாம். 105 பாகையும் 75 பாகையுமாகச் சாய்ந்த அந்தக் கட்டிகள், எவ்வளவு சின்னதாக உடைத்தாலும் அதே சாய்வோடு வருமே, அந்தப் பிளவுத் தளத்தை வெஸ்டாவில் வரையலாம். தளக் குறியீட்டைக் கொடுத்தால் அணுக்களுக்கு நடுவே ஒரு கண்ணாடிபோல் அது வந்து நிற்கும். கூர்ந்து பார்த்தால் அந்தத் தளம் ஒரு கார்பனேட் முக்கோணத்தையும் வெட்டாமல் கால்சியம், ஆக்சிஜன் பிணைப்புகளை மட்டும் வெட்டிக்கொண்டு போகிறது. முக்கோணத்துக்குள் சகப்பிணைப்பு, வெளியே பெரும்பாலும் அயனிப் பிணைப்பு. ஒரே கனிமத்துக்குள் இரண்டு விதப் பிணைப்பு இருப்பதும் கல் எதில் விட்டுக்கொடுக்கிறது என்பதும் ஒரே படத்தில் வந்துவிடுகிறது.

இதே இடத்தில் தூள் எக்ஸ் கதிர் வரைபடத்தையும் (கனிமத் தூளிலிருந்து எந்தக் கோணத்தில் கதிர் வலுவாகத் திரும்புகிறது என்று காட்டுவது) எடுத்துவிடலாம், யுடிலிட்டீஸ் மெனுவில் இருக்கிறது, பின்னால் இசுமியின் ரீட்டன் ஓடுகிறது. தாமிரக் கதிர் என்று வைத்தால் கால்சைட்டின் பெரிய முகடு 29.4 பாகையில் வரும், மேக்னசைட்டுக்கு அதே முகடு 32.6 பாகைக்கு நகர்ந்திருக்கும். கூடு சுருங்கியது, தளங்கள் நெருங்கின, முகடு வலப்பக்கம் போனது. எக்ஸ் கதிர் எந்திரத்தைத் தொட்டே பார்க்காத மாணவருக்கும் இது கிடைக்கிறது என்பது பெரிய விஷயம்.

அடுத்து அலுமினியம் சிலிகேட் மூவர்: கயனைட், ஆண்டலுசைட், சிலிமனைட். சிலிமனைட் நமக்கு அந்நியமில்லை, கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட்டோடு அதுவும் கிடக்கிறது. மூன்றுக்கும் வாய்பாடு ஒன்றே. பாதி அலுமினியம் மூன்றிலும் 6 ஆக்சிஜனோடு எண்முகியில் இருக்கிறது. மற்றப் பாதி கயனைட்டில் 6, ஆண்டலுசைட்டில் 5, சிலிமனைட்டில் 4. எழுத்தில் படித்தால் மறந்துபோகும் இந்த 6, 5, 4 வரிசையை மூன்று சன்னல்களில் பக்கம் பக்கமாகத் திறந்து பன்முகிகளாகப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கயனைட் மூன்றிலும் அடர்த்தியானது, அழுத்தம் கூடிய இடத்தில் அது நிலைப்பது ஏன் என்பது படத்திலேயே தெரியும். அதன் படிகத்தை நீளவாக்கில் கீறினால் கடினத்தன்மை 4.5, 5 என்றும் குறுக்கே கீறினால் 6.5, 7 என்றும் வருகிறதே, அந்த விந்தைக்கும் இங்கே விடை தேடலாம், எண்முகிகள் விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சங்கிலியாக ஓடுவது எந்தத் திசையில் என்று திருப்பிப் பாருங்கள்.

குவார்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் முதலில் திறப்பது அதைத்தான். சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் 1.61 ஆங்ஸ்ட்ராம், சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான் கோணம் 144 பாகை. சி அச்சைச் சுற்றி நான்முகிகள் திருகிக்கொண்டு ஏறுவதை மட்டும் தவறவிடாதீர்கள். இடப்பக்கத் திருகு, வலப்பக்கத் திருகு இரண்டும் இயற்கையில் உண்டு, உங்கள் கோப்பு எது என்று கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி.

பைரைட்டில் கொஞ்சம் நிதானமாகப் போங்கள். ஒரு இரும்புக்கு இரண்டு கந்தகம் என்று வாய்பாட்டைப் பார்த்துவிட்டு இரும்புக்கு மின்னூட்டம் 4 என்று எழுதுகிற மாணவர்களை வருடந்தோறும் பார்க்கிறேன். வெஸ்டாவில் கந்தகத்துக்குக் கந்தகம் உச்ச தூரத்தை 2.3 என்று கொடுங்கள், இரண்டிரண்டு கந்தகமாக ஜோடி சேர்ந்திருப்பது தெரியும், நடுவே ஏறக்குறைய 2.2 ஆங்ஸ்ட்ராம். அந்த ஜோடிக்கு மொத்தமாக 2 எதிர்மின்னூட்டம், ஆகவே இரும்புக்கு 2தான். அப்புறம் ஜோடிகளின் நடுப்புள்ளியை மட்டும் கவனித்தால் அது உப்பின் குளோரைடு இடம், இரும்பு சோடியத்தின் இடம். உப்பும் பைரைட்டும் கனசதுரமாக வளர்வது தற்செயல் இல்லை. இந்தக் கந்தகக் குச்சி தானாக வராமல் போனால் நாமே சேர்க்க வேண்டியிருக்கும், அதைச் சேர்க்காத படத்தைப் பார்த்து யாராலும் பைரைட்டின் வேதியியலைச் சொல்ல முடியாது.

பிணைப்பை உண்மையிலேயே பார்க்க வேண்டும் என்றால் எலக்ட்ரான் அடர்த்திக்குப் போக வேண்டும். வெஸ்டா அதையும் காட்டும், குவாண்டம் கணக்கீட்டு நிரல்கள் தரும் அடர்த்திக் கோப்புகளைத் திறந்து சம அடர்த்திப் பரப்புகளாக வரையும், வெட்டுத் தளத்தில் நிறங்களாகப் பரப்பும். உப்பில் இரண்டு அயனிகளுக்கு நடுவே அடர்த்தி அதல பாதாளத்துக்கு இறங்கும். சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே அப்படி இறங்காது, ஆனால் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்திருக்கும். பாதி அயனி, பாதி சகப்பிணைப்பு என்று நாம் சொல்வதன் உருவம் அதுதான். இதில் ஒரு பொறி உண்டு. யுடிலிட்டீஸ் மெனுவிலேயே மாதிரி எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிடும் வசதி இருக்கிறது, வெறும் சிஃப் கோப்பை வைத்தே படம் தந்துவிடும். அது தனித்தனி அணுக்களின் சிதறல் காரணிகளை அந்தந்த இடத்தில் வைத்துக் கூட்டியது. அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்ததால் எலக்ட்ரான்கள் எங்கே நகர்ந்தன என்பது அதில் இருக்காது. அந்தப் படத்தை ஆய்வேட்டில் ஒட்டிப் பிணைப்பைப் பற்றி எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஹைட்ரஜனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜிப்சம், டால்க், மைக்கா போன்றவற்றில் பழைய எக்ஸ் கதிர் அளவீடுகளின் கோப்புகளைத் திறந்தால் ஹைட்ரஜனே இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் ஆக்சிஜனுக்கு மிக நெருங்கி இருக்கும். எக்ஸ் கதிர் பார்ப்பது எலக்ட்ரானை, ஹைட்ரஜனுக்கு இருப்பதே ஒன்று, அதுவும் ஆக்சிஜன் பக்கம் இழுக்கப்பட்டிருக்கிறது. நியூட்ரான் கொண்டு அளந்த கோப்பு கிடைத்தால் அதை எடுங்கள். ஜிப்சத்தில் நீர் மூலக்கூறுகள் அடுக்காக நின்று ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டும் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும், நகத்தால் கீறும் அளவுக்கு அது மென்மையாக இருப்பதன் காரணமும்.

பயன்பாட்டில் எரிச்சல் தரும் இடங்கள் இல்லாமல் இல்லை. எல்லையை மாற்றுவது ஒரு மெனு, பிணைப்பை மாற்றுவது இன்னொரு மெனு, நிறமும் தடிமனும் வேறொரு பெட்டி, எது எங்கே என்று பழகப் பொறுமை வேண்டும். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, முழுமையானது, ஆனால் முதல்முறை திறப்பவரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கும் நடையில் இல்லை. கூட்டின் ஓரத்தில் நான்முகிகள் பாதியில் அறுந்து நிற்பது இன்னொரு பொதுவான புகார். அதற்கு பாண்ட்ஸ் பெட்டியில் எல்லைக்கு வெளியே உள்ள அணுக்களையும் தேடு என்ற தேர்வைப் போட்டால் சரியாகிவிடும். நிறங்கள் தானாகவே வரும், ஆக்சிஜன் சிவப்பு, சிலிக்கான் நீலம், கார்பன் பழுப்பு. பாடநூல்களில் கருப்புக் கார்பனைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பழுப்பு கண்ணை உறுத்தும், மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று. ஒரே இடத்தைச் சில கூடுகளில் இரும்பும் சில கூடுகளில் மக்னீசியமும் பிடித்திருக்கும் ஆலிவின் போன்ற கனிமங்களில், பந்தையே வட்ட விளக்கப்படமாக இரண்டு நிறத்தில் பிரித்துக் காட்டுகிறது. இயற்கைக் கனிமம் என்பது பெரும்பாலும் கலவைதான் என்பதை வாய்பாட்டில் எழுதிக் காட்டுவதைவிட இது நேராகச் சொல்கிறது. ஆனால் அதைப் பார்த்து ஒவ்வொரு அணுவும் பாதி இரும்பு பாதி மக்னீசியம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது, கோடிக்கணக்கான கூடுகளின் சராசரி அது.

மாற்று வேண்டுவோருக்கு: கிரிஸ்டல்மேக்கர் பார்க்க இன்னும் அழகாகவும் பழக எளிதாகவும் இருக்கும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். மெர்க்குரி கரிம மூலக்கூறுப் படிகங்களுக்கு மிக நல்லது, கனிமம் என்று வந்தால் பன்முகிகளைக் கையாள்வதில் நான் வெஸ்டாவைத்தான் தேர்ந்தெடுப்பேன். பிளாஸ்டிக் பந்தும் குச்சியும் உள்ள மாதிரிப் பெட்டிகளை ஒதுக்கிவிடாதீர்கள், முதல் வகுப்புக்கு அவை வேண்டும், கையால் கட்டினால்தான் சில விஷயங்கள் பிடிபடும். ஆனால் ஃபெல்ட்ஸ்பாரைப் பெட்டியில் உள்ள பந்துகளை வைத்துக் கட்டி முடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. முப்பரிமாண அச்சு எந்திரம் வைத்திருக்கும் நண்பர்கள் இருந்தால் வெஸ்டாவிலிருந்தே அதற்கான கோப்பை எடுக்கலாம், குச்சியின் ஆரத்தை நன்றாகக் கூட்டிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் அச்சாகும்போதே ஒடிந்துவிடும்.

இளங்கலை நிலவியல், வேதியியல் மாணவர்கள், பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக்குத் திடநிலை வேதியியல் நடத்துகிற ஆசிரியர்கள் எல்லோரும் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். உப்பு, கிராஃபைட், டால்க், மைக்கா, கால்சைட் என்ற வரிசையில் போனால் பிணைப்பு வகைகள் ஒவ்வொன்றாக வந்துவிடும், குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அப்புறம். ஒவ்வொரு கோப்பிலும் படத்தைச் சேமிக்கும் முன் பாண்ட்ஸ் பெட்டியில் என்ன உச்ச தூரம் வைத்தீர்கள் என்பதைப் படத்தின் கீழே எழுதி வையுங்கள். கல்வி, ஆராய்ச்சி, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குத்தான் இலவசம், நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள் உரிம வரிகளைப் படித்துவிட்டு இறக்குங்கள். வெஸ்டா படங்களைக் கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ போட்டால் மொம்மாவும் இசுமியும் 2011ல் ஜர்னல் ஆஃப் அப்ளைட் கிரிஸ்டலோகிராஃபியில் எழுதிய கட்டுரையைக் குறிப்பிடுவதோடு, அந்த அணு இருப்பிடங்களை அளந்தவர்களின் கட்டுரையையும் குறிப்பிடுங்கள், சிஃப் கோப்பின் மேல் வரிகளிலேயே அவர்கள் பெயர் இருக்கும்.